அம்மாவின் இடது கன்னம்

அன்புள்ள வில்சனுக்கும் மருமகள் மோகனப்ரியாவுக்கும், நீங்கள் இருவரும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை முடிவில் மாதாவிடம் தனியாக ஒரு விண்ணப்பம் போடுகிற அம்மா எழுதச் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், அப்பாவின் ஷேர் ஆட்டோ பாதி நலம், கறுப்புப் பூனை குட்டி போட்டு இப்போது ஐந்து பேராக நலம். அம்மா நலமா என்பதற்குத்தான் இவ்வளவு தாள். கையெழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய், எழுதுவது உன் தங்கை ஜோவிதா. கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறு அண்ணா, இது விளையாட்டு இல்லை. அம்மா என் எதிரில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சின்ன நோட்டில் துண்டு துண்டாக எழுதித் தருகிறார், நான் அதை நீட்டி எழுதுகிறேன், ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் வாங்கிப் படிக்கிறார், கடைசியில் அவரே கையெழுத்துப் போடுவார். வாய் இருக்கும்போது அம்மா ஏன் நோட்டில் எழுதுகிறார் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரலில் நீ அனுப்பிய செய்தி இன்னும் அம்மா போனில் அப்படியே இருக்கிறது. “அம்மாவுக்கு எங்க கல்யாணம் புடிக்கலன்னு புரிஞ்சிடுச்சி, இனிமே போன் பண்ணி தொந்தரவு பண்ண மாட்டோம், கிறிஸ்மஸுக்கும் வரல” என்று எழுதியிருந்தாய். நான் பதறிப்போய் உடனே பதில் போட்டேன், அம்மாவால் பேச முடியவில்லை, பேசினால் கன்னத்தில் கரண்ட் அடிக்கிறது என்று. அதற்கு நீ ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டு, “கரண்டா? ஒயர் கம்பெனில வேல செஞ்சா அப்படித்தான் அடிக்கும். அப்பா ஆட்டோவ வித்துட்டு வேளாங்கண்ணிக்குப் போக குதிர வாங்கிட்டாருன்னு போட்டோ அனுப்பினவதான நீ? அம்மாவுக்குக் கோவம்னா நேரா சொல்லச் சொல்லு, நடுவுல நீ கத விடாத” என்று கேட்டாய். நியாயம்தான். அந்தக் குதிரைப் படத்தை ஒட்டுவதற்கு நான் மூன்று மணி நேரம் செலவழித்தேன், நீ நண்பனை அனுப்பி நம் வாசலில் சாணி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது வரைக்கும் எனக்குத் தெரியும். அம்மாவின் போனிலிருந்து அவ்வளவு பொய் போன பிறகு, அதே போனிலிருந்து போன உண்மையை நீ எப்படி நம்புவாய்? அதனால்தான் தாள், அதனால்தான் தபால். அப்பா போன் பண்ணுகிறேன் என்று எத்தனையோ முறை எடுத்தார், அம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினார், புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களை நோய் பற்றிச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாதாம். கோபம் என்று நீங்கள் நினைத்துக்கொள்வது நோயைவிடக் கெட்டது என்று அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போன ஆகஸ்ட் மாதம், மாதாவின் விண்ணேற்புத் திருநாள் காலை. பூசைக்குக் கிளம்ப முகம் கழுவிய அம்மா சோப்பு நுரையோடு அப்படியே சிலையாகிவிட்டார். இடது கன்னத்தில் யாரோ ஒயரைத் தொட்டு எடுத்த மாதிரி, இரண்டே நொடி. முதலில் திரும்பி என்னைத்தான் முறைத்தார், நான் ஏதோ செய்துவிட்டேன் என்று. சத்தியமாக நான் அப்போது பூனையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் பல் துலக்கும்போது வந்தது, பிறகு மெல்லும்போது, பிறகு பேசும்போது, கடைசியில் ஃபேன் காற்று பட்டாலே வந்தது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை. தாடைக்கு இத்தனை தடை போட்டால் மனுஷி எப்படி வாழ்வது? படப்பையில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பல் கல்லு மாதிரி நல்லா இருக்கும்மா, எடுக்கத் தேவையில்ல என்றுதான் சொன்னார். அம்மா விடவில்லை. காருக்குள் ஓடுகிற ஒயரை எல்லாம் கட்டிச் சோதித்து அனுப்புகிற வேலையில் பதினாறு வருஷம் நின்றவர் இல்லையா, அங்கே ஒயரில் கோளாறு என்றால் முதலில் முனையில் இருக்கிற கனெக்டரை மாற்றிப் பார்ப்பார்களாம், பாதிக்கு மேல் அதோடு தீர்ந்துவிடுமாம். அதே கணக்கில், வலி எந்தப் பல்லில் போய் முடிகிறதோ அந்தப் பல்லைக் கழற்றச் சொல்லி நாற்காலியை விட்டு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். பிடுங்கிய மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. அப்படியென்றால் பக்கத்துப் பல்தான் என்று அதையும் எடுக்க வைத்தார். வலி அசையவில்லை. நான் இந்த வருஷம் பிளஸ் டூ, அம்மா போன வருஷமே மைனஸ் டூ.

இப்போது உங்கள் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்கிறேன், அண்ணியும் பக்கத்தில் இருந்தால் சேர்த்துப் படியுங்கள். பிப்ரவரி மாதம் அந்த நாளில் அம்மா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, பல்கூடத் துலக்கவில்லை. வலியைக் கிளப்பாமல், முகத்தை உங்களுக்காக மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, போனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம். நீ கூப்பிட்டாய். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று சிரித்தாய், நகர்ந்து அண்ணியைக் காட்டினாய், அண்ணி இரண்டு கையும் கூப்பி “வணக்கம் அத்தே, நல்லாருக்கீங்களா” என்றார். அம்மா வாயைத் திறந்தார். அவ்வளவுதான். நீங்கள் பார்த்தது, அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, ஒரு சொல் பேசாமல் எழுந்து போனதை. நான் பார்த்தது அதற்கு அடுத்தது. அடுப்படியில் அரிசி டிரம்மில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார், சத்தமே இல்லை, புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். கத்தினால் வாய் அசையும், வாய் அசைந்தால் இன்னொன்று வரும், அதனால் கத்தவும் வழி இல்லாத வலி. அப்பா போனை வாங்கி “பல்லு வலிடா, வேற ஒன்னும் இல்ல” என்று சமாளித்தார். பல்வலிக்கு யாராவது மருமகளைப் பார்த்து அழுதுகொண்டு ஓடுவார்களா என்று நீ நினைத்திருப்பாய், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அம்மா “ம்” என்று மட்டும் சொல்லிப் போனை அப்பாவிடம் தள்ளிவிட்டதும் இதனால்தான். அந்த ஒரு “ம்” மட்டும்தான் உதடு பிரியாமல் வரும்.

இதை எல்லாம் வைத்துக்கொண்டு அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தாரா என்றால், இந்தப் பத்து மாதத்தில் ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர ஒரு லீவு இல்லை. மே மாதம் அக்னி வெயிலில் ஒரு நாள் அம்மா குடையை மறந்துவிட்டுப் போனார், நான் ஓடிப்போய் கம்பெனி பஸ் நிற்கிற முனையில் கொடுக்கப் போனேன். பஸ்ஸைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல், டிரைவர் பக்கத்து ஜன்னல் என்று எல்லாம் மூடிக் கிடக்கிறது, உள்ளே நாற்பது பொம்பளைங்க டிபன் பாக்ஸ் துணியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒயர் கட்டுகிற, அப்போதுதான் படியில் ஏறப்போன அமலா அக்காவிடம், “இன்னாக்கா, எல்லாரையும் ஆவியில அவிச்சி எடுத்துக்கினு போறாங்களா, இட்லி கம்பெனியா இது” என்று கேட்டேன். அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “சத்தம் போடாத, உங்கம்மா மூஞ்சில காத்து படக்கூடாது, நாங்க வெந்தா வேகறோம், உனக்கு இன்னா போச்சு” என்றார். யார் சொல்லி இது என்று கேட்டால், யாரும் சொல்லவில்லையாம். ஒரு நாள் ஜன்னல் காற்றில் அம்மா துடித்ததைப் பார்த்தார்களாம், மறுநாள் ஏறியவர்கள் ஏறியவுடன் அவரவர் ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டார்களாம். மாதக்கணக்கில் அப்படித்தான் போகிறார்கள். அண்ணா, எனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கிண்டல் வரும், உனக்குத் தெரியும். அந்த மூடிய பஸ் திரும்பிப் போகும் வரைக்கும் குடையைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கம்பெனி லைனில் நடப்பதையும் அமலா அக்கா பிறகு ஒரு நாள் சொன்னார். வலி வரும்போது லைனை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அம்மா ஒரு முறைகூட அழுத்தியதில்லையாம், ஒயர்களை வரிசையாக மாட்டுகிற போர்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாராம், அந்த நேரம் அக்காவின் கை பக்கத்திலிருந்து நீண்டு வந்து அம்மாவின் கிளிப்பையும் சேர்த்து மாட்டிவிடுமாம். ஒரு போர்டில் இருநூறு ஒயர், அம்மா பெயரில் ஒரு கோளாறுகூடத் திரும்பி வரவில்லையாம்.

ஊரில் வேறு மாதிரிக் கதை. ஞாயிறு பூசையில் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது அம்மா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார், ஒரு துளி கன்னத்தில் பட்டால் போதும். அதைப் பார்த்த ஊர்க்கார அக்கா ஒருவர் அப்பாவிடம் வந்து, “தீர்த்தத்தைப் பார்த்தாலே ஓடுதே, எதுக்கும் ஒருவாட்டி மந்திரிச்சுடு ஏசுதாஸு, காத்து கருப்பு ஏதாச்சும் இருக்கும்” என்றார். அப்பா, “கருப்பு ஒன்னும் இல்லக்கா, காத்துதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டு வந்தார். நான் யாருக்குப் பிறந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

இனி சொல்லப்போவது அம்மா எழுதச் சொன்னதில் இல்லை, நானாக எழுதுகிறேன், அடித்தாலும் அடிக்கட்டும். ஏப்ரலில் உன் செய்தி வந்ததற்கு முந்தைய வாரம், அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னால் பூனை மாதிரிப் போய், ஈரக் கையை அவர் கன்னத்தில் வைத்துவிட்டேன். சின்ன வயசிலிருந்து செய்கிற விளையாட்டு, அவர் கத்துவார், நான் ஓடுவேன், துடைப்பம் பின்னால் பறந்து வரும். எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லை. அம்மா கத்தவில்லை. அப்படியே மடிந்து துணிவாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுத்தது, மறு பாதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த மறுபாதிக் கண்ணில் கோபமே இல்லை அண்ணா, பயப்படாதே என்று எனக்குச் சொல்வது போலத்தான் இருந்தது. அடங்கியதும் எழுந்து, மிச்சத் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் என்றால் பரவாயில்லை என்று காட்டினார். இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு உடையும், அது எனக்குப் புரியும். ஒரு ஈரக் கை ஒரு ஆளைக் கீழே தள்ளும், அந்த ஆள் எழுந்து தள்ளியவளுக்கே ஆறுதல் சொல்லும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அன்றிலிருந்து என் குறும்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாய், பாதி ஓய்வு என்று வைத்துக்கொள்.

கம்பெனியில் இருக்கிற டாக்டரம்மாதான் பல் இல்லை, நரம்பு என்று முதலில் சொல்லி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மே கடைசியில் நானும் அப்பாவும் கூடப் போனோம். அங்கே நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். மூளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு நரம்பு புறப்பட்டு நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரிகிறதாம். அம்மாவுக்கு அது புறப்படும் இடத்திலேயே ஒரு ரத்தக் குழாய் அதன்மேல் சாய்ந்து கிடக்கிறதாம், இதயம் துடிக்கும்போதெல்லாம் அது உரசி உரசி, என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அம்மா பேனாவை அவர் கையிலிருந்தே வாங்கிவிட்டார். படத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர் ஒரே கிளிப்பில் மாட்டியிருப்பதைப் போட்டார், வண்டி அதிர்வதற்கு நெளிநெளியாகக் கோடு போட்டார், ஒரு ஒயரின் மேல்தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிவதைப் போட்டார், அடியில் “இன்சுலேஷன் போச்சா?” என்று எழுதிக் காட்டினார். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே நின்ற படிக்கிற டாக்டர்களைக் கூப்பிட்டு, “இத பாருங்க, நான் அரை மணி நேரம் சொல்றத இந்தம்மா அரை நிமிஷத்துல போட்டுட்டாங்க” என்றார். வெள்ளைக் கோட்டு போட்ட ஆறு பேர் நம் அம்மாவின் படத்தைச் சுற்றி நின்று போனில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு தோளிலும் இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. அம்மாவோ தன் வாயில் இருக்கிற ஓட்டையைத் தொட்டுக் காட்டி, “நல்ல கனெக்டர் ரெண்டு வேஸ்ட்” என்று எழுதினார். டாக்டர் சிரித்தார், அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததற்குத் தண்டனையாக வலியும் வந்தது, வலிக்குள்ளேயே கண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே நூல் அளவு இடம், அதில் தோல் தேய்ந்ததற்கு இத்தனை ஆட்டம். அந்த நூலைச் சுமந்துகொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து எனக்கு டிபன் கட்டித் தந்த ஆள் என்ன ஆள் என்று பஸ்ஸில் திரும்பும் வரை அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தேன், “இன்னா?” என்று புருவத்தால் கேட்டார், ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், இப்போது பழகிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து அளவை ஏற்றுகிறார்கள். ஒரேயடியாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை, கூடவே இருக்கும், அடக்கி வைக்கலாம், அடங்காவிட்டால் பிற்பாடு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார். முப்பது தடவை வந்தது இப்போது ஐந்தாறு தடவை. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் போனதும் கொஞ்ச நேரம் அம்மாவால் பேசவே முடிகிறது. அத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் என்ன தெரியுமா? நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். “ஆட்டோ பிரேக்கு கிறீச்சுனு கத்துது, மாத்தித் தொலைங்க.” அப்பா ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அழுதார். சவாரிக்கு வந்த நம் தெரு மகாராஜா அண்ணன் பயந்துபோய் வேறு வண்டியில் ஏறிவிட்டார். பிரேக் மறுநாளே மாற்றியாகிவிட்டது.

அண்ணா, என்னை நீ நம்ப வேண்டாம், நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லை. டாக்டர் சீட்டின் ஜெராக்ஸும் அம்மா போட்ட அந்தப் படமும் கூடவே வைத்திருக்கிறேன், படத்தில் குதிரை எதுவும் ஒட்டவில்லை. அண்ணி, உங்களைப் பார்த்து முகம் சுளித்தார் என்று நீங்கள் நான்கு மாதமாக மனசில் வைத்திருந்தால் அதில் ஒரு பங்கு என்னால் வந்தது, நான் ஒழுங்கான பிள்ளையாக இருந்திருந்தால் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும். மன்னித்துவிடுங்கள். அம்மா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்கிறார், கொடுத்துவிடுகிறேன்.

வில்சா, இது அம்மா எழுதுகிறேன். ஜோ எழுதியதில் பொய் இல்லை, இரண்டு தரம் படித்துவிட்டேன். ஈரக் கையைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். உன்னிடம் மறைத்தது என் தப்பு. நீ தூரத்தில் இருக்கிறாய், தெரிந்தால் சாப்பிடமாட்டாய் என்று நினைத்தேன். ப்ரியா, அன்றைக்கு நீ பச்சைப் புடவையில் நின்றாய். தலையில் வைத்த வெள்ளை ரோஜா சரிந்து காதுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பூவைச் சரியா வச்சிக்கோம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் தானே கை நீட்டிச் சரி செய்திருப்பார். அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போனதுதான் எனக்கு இத்தனை நாளும் வலி, மற்றதுக்கு மாத்திரை இருக்கிறது. நீ எங்கள் வீட்டுப் பெண். கிறிஸ்மஸுக்கு இரண்டு பேரும் வர வேண்டும், இது அம்மாவின் உத்தரவு. அங்கே குளிரில் இரண்டு பேரும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், வேலையை நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். ஆண்டவர் உங்களை ஆசீர்வதித்து, ஒருவரை ஒருவர் விட்டுக் கொடுக்காமல் வைப்பாராக.

கடிதம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் நேரம் காலை பத்தரைக்கு முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி கூப்பிடுங்கள். அந்த நேரம் எனக்கு நல்ல நேரம். மருமகளிடம் முதலில் நானே பேசுவேன். நடுவில் என் முகம் இழுத்தால் பயந்து போனை வைத்துவிடாதீர்கள். மெதுவாகப் பத்து எண்ணுங்கள், நான் திரும்பி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா
ஏ. அற்புதமேரி